பால் ஸ்க்ரூவுக்கும் ஸ்டெப்பர் மோட்டாருக்கும் நடுவே எந்தக் கப்ளிங் பொருத்துவது?

மரத்தூள்:
அனைவருக்கும் வணக்கம். நானே கட்டிய சிறிய சி.என்.சி. ரவுட்டரில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) 1605 பால் ஸ்க்ரூவும் (அச்சை நகர்த்தும் திருகுத் தண்டு) நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டாரும் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) உள்ளன. மோட்டார் ஷாஃப்ட் 6.35 மி.மீ., ஸ்க்ரூவின் முனை 10 மி.மீ. இரண்டையும் இணைப்பது, ஸ்க்ரூவோடு சேர்ந்தே வந்த, சுருளாக வெட்டுப் போட்ட அலுமினியக் கப்ளிங். மரம் வெட்டும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் அலுமினியத் தகட்டில் வட்டக் குழி வெட்டினால், ஒய் அச்சு திசை திரும்பும் இரண்டு இடங்களிலும் வட்டம் சற்றுத் தட்டையாகிவிடுகிறது. டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்கும் முள் கருவி) வைத்துப் பார்த்தபோது, திரும்பும் இடத்தில் 0.06 மி.மீ. நகர்வு காணாமல் போவது தெரிந்தது. ஜா கப்ளிங்குக்கு (பற்கள் கோத்துக்கொள்ளும் இரு பாதிகளுக்கு நடுவே ‘ஸ்பைடர்’ என்ற மெத்தைத் துண்டு உள்ள வகை) மாறினால் இது சரியாகுமா? எங்கே, என்ன பார்த்து வாங்குவது? ஒரே படத்தைப் போட்டு விற்கிறார்கள். விலை மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது.

கோவை லேத்:
வாங்குவதற்கு முன், குற்றவாளி கப்ளிங்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துகிறது, அப்படியானால் 0.06 மி.மீ. என்பது ஏறத்தாழ 4.3 பாகைச் சுழற்சி. கப்ளிங் முறுக்கிக்கொள்வதால்தான் இவ்வளவும் இழக்கப்படுகிறது என்றால், 25 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங்கின் விளிம்பில் அது கிட்டத்தட்ட 1 மி.மீ. விலகலாகக் கண்ணுக்கே தெரிய வேண்டும். கப்ளிங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மார்க்கரால் நேர்கோடு ஒன்று இழுத்து, மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்த நிலையில், கேன்ட்ரியை (ஸ்க்ரூ நகர்த்தும் பாலம் போன்ற சட்டத்தை) கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கோடு உடையவில்லை என்றால், டயல் கேஜின் முனையை ஸ்க்ரூவின் மறுகோடியில் நேராக வைத்து மீண்டும் தள்ளுங்கள். ஸ்க்ரூ நீளவாக்கில் நகர்ந்தால் கோளாறு ஸ்க்ரூவின் முனையைத் தாங்கும் பேரிங் கட்டையில் இருக்கிறது. மலிவான பி.கே. 12 வகைக் கட்டைகள் சிலவற்றில், நீளவாக்கு விசையைத் தாங்கும் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்குக்குப் பதிலாகச் சாதாரண பால் பேரிங்கைப் போட்டு, பூட்டு நட்டையும் பெயருக்கு முடுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நிலையில் வெட்டும் விசையைச் சுருள் கப்ளிங்தான் தாங்க வேண்டியிருக்கும். அதுவோ அச்சுவாக்கில் ஒரு ஸ்பிரிங் என்பதால் நீண்டு சுருங்கும்.

ஆறு முப்பத்தைந்து:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வாங்குவது பற்றி மட்டும் எழுதுகிறேன். கடையில் போய் ஜா கப்ளிங் என்று கேட்டால், யார் செய்ததாக இருந்தாலும் ‘லவ்ஜாய்’ என்று சொல்லி, கறுப்பு ரப்பர் ஸ்பைடர் போட்ட இரும்புக் கப்ளிங்கை எடுத்து வைப்பார்கள். அது பம்புக்கும் கன்வேயருக்கும் உரியது. அதில் பற்களுக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருக்கும் அச்சுக்கு அது ஆகாது. நமக்கு வேண்டியது, பாலியூரித்தேன் ஸ்பைடர் பற்களுக்கிடையே இறுக்கமாக அழுந்தி உட்காரும் வகை. கையால் சேர்க்கும்போது சற்று அழுத்தம் கொடுத்தால்தான் அது உள்ளே போக வேண்டும்; தானாக விழுந்தால் அந்தப் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஸ்பைடரின் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறக்கூடும் என்பதால், நிறத்தைச் சொல்லாமல் ஷோர் எண்ணை (கடினத்தன்மையின் அளவு) கேளுங்கள். உங்கள் பயன்பாட்டுக்கு 92ஏ அல்லது 98ஏ பொருந்தும்.

துளையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 6.35 என்பது கால் அங்குலம். 6.5 மி.மீ. துளையிட்டு 6.35 என்று விற்கும் சரக்கைக் கிளாம்ப் ஸ்க்ரூ எப்படியோ இறுக்கிப் பிடித்துவிடும். ஆனால் ஷாஃப்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி, கப்ளிங் ஆடிக்கொண்டே சுழலும். வெர்னியரை நம்பாமல், மோட்டார் ஷாஃப்ட்டையே செருகிப் பாருங்கள்: கிளாம்ப் ஸ்க்ரூவை இறுக்காத நிலையிலேயே பக்கவாட்டு ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ (ஷாஃப்ட்டை நேரே குத்தி அழுத்தும் தலையில்லாத திருகு) மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம். அது உருண்டை ஷாஃப்ட்டில் பதிந்து பிசிறு எழுப்பிவிட்டால், பின்னர் கழற்றுவது பெரும்பாடு. 30 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளமுள்ள கிளாம்ப் வகை, 1.9 நியூட்டன் மீட்டர் மோட்டாருக்குத் தாராளமாகப் போதும். சரியான துளை கிடைக்காவிட்டால், சிறிய துளையுள்ள ஹப்பை (கப்ளிங்கின் ஒரு பாதியை) வாங்கி, லேத்தில் கொடுத்து அளவுக்குப் போரிங் செய்துகொள்ளலாம். துளையையும் முகத்தையும் ஒரே பிடிப்பில் முடிக்கச் சொல்லுங்கள்.

மரத்தூள்:
இருவருக்கும் நன்றி. மார்க்கர் கோடு மிகச் சிறிதளவே விலகியது. ஆனால் ஸ்க்ரூ நீளவாக்கில் 0.04 மி.மீ. நகர்கிறது. பேரிங்கை மாற்றிய பிறகும் கப்ளிங்கை மாற்ற வேண்டுமா? ஓல்ட்ஹாம் வகைக் கப்ளிங்கையும் (நடுவில் சறுக்கும் வட்டு உள்ளது) ஒருவர் பரிந்துரைத்தார்.

கோவை லேத்:
முதலில் பூட்டு நட்டை முடுக்கிப் பாருங்கள். அதிலும் ஆட்டம் போகாவிட்டால் ஆங்குலர் கான்டாக்ட் ஜோடியைப் போடுங்கள். சுருள் கப்ளிங்கை எப்படியும் எடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் மையம் விலகிய பொருத்தத்தில் அதன் வெட்டு முடியும் இடத்தில்தான் நாளடைவில் விரிசல் விடும். ஓல்ட்ஹாம் நேர்கோட்டு விலகலை நன்றாகத் தாங்கும். ஆனால் நடுவிலுள்ள பிளாஸ்டிக் வட்டு தேயத் தேய ஆட்டம் வரும். இந்த மோட்டாருக்கு உலோகத் தகட்டு வகைக் கப்ளிங்குக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து: ஸ்டெப்பர் மோட்டாரே முழுச் சுமையில் ஒரு படி, அதாவது 1.8 பாகை வரை பின்வாங்கும். உங்கள் ஸ்க்ரூவில் அது 0.025 மி.மீ.

பொருத்தும்போது மோட்டாரின் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி வைத்து, கேன்ட்ரியை மோட்டார் பக்கம் கொண்டுவந்து, கப்ளிங்கை இறுக்கி, ஸ்க்ரூவைக் கையால் சில சுற்றுகள் சுழற்றுங்கள்; மோட்டார் தன் மையத்தைத் தானே கண்டுகொண்ட பிறகு போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக முடுக்குங்கள். ஷாஃப்ட் முனைகள் ஸ்பைடரை முட்டாதபடி சிறு இடைவெளி விடவும் மறக்க வேண்டாம்.