18 இஞ்ச் பின் சக்கரத்தை 17 ஆக்கின பிறகு மலை ஏத்தத்துல வண்டி திணறுது, எத்தனை பல் ஸ்பிராக்கெட் போடணும்?

காரவள்ளி ரைடர்:
வணக்கம்ங்க. என்கிட்ட இருக்கிறது பழைய ஸ்பிளெண்டர். வாராவாரம் கொல்லிமலை மேல இருக்கிற சோளக்காடு சந்தைக்குப் போய் மிளகும் வாழைக்காயும் ஏத்திட்டு கீழ வரணும். ரெண்டு பக்கமும் மூட்டை கட்டுவோம். பின்னாடி 2.75-18 டயரோட ஸ்போக் வீல் இருந்துச்சு. ரிம் நெளிஞ்சு போனதால, வேற வண்டியோட 17 இஞ்ச் அலாய் வீல் ஒண்ணை, 100/90-17 டயரோட மாத்தியாச்சு. முன் சக்கரம் பழைய 18தான்.

"வீல் சின்னதாயிடுச்சு, வேகம் குறையும், முன் ஸ்பிராக்கெட்ல ஒரு பல் கூட்டணும்"னு கடையில சொல்லி, எஞ்சின் பக்கம் செயின் மாட்டுற அந்தப் பல்சக்கரத்துல 14 பல் இருந்த இடத்துல 15 போட்டுக் கொடுத்தாங்க. பின் சக்கரத்து ஸ்பிராக்கெட்ல 42 பல், அது மாறல. இப்ப சமதரையில பரவாயில்ல. கொல்லிமலை ஏறும்போதுதான் பிரச்சினை. முன்னாடி ரெண்டாவது கியர்ல போன வளைவெல்லாம் இப்ப முதல் கியர் கேக்குது. அரை கிளட்ச்சுல இழுத்தா கிளட்ச் கருகுற வாடை வருது. எஞ்சின்ல கோளாறா, இல்ல பல் கணக்குத் தப்பா?

சங்கிலி:
எஞ்சினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். 17, 18ங்கிறது ரிம்மோட அளவு மட்டும்தாங்க. தரையில உருள்றது டயரோட வெளிச்சுற்று. 100/90-17ல 100 அகலம், உயரம் அதுல 90 சதவீதம், அதாவது 90 மி.மீ. ரிம் 432 மி.மீ. மேலயும் கீழயும் 90 சேர்த்தா மொத்த விட்டம் 612 வருது. பழைய 2.75 டயர்ல உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒண்ணு. கணக்குப்படி அது 600ஐ ஒட்டித்தான் நிக்கும். ரிம் சின்னது, ஆனா சக்கரம் பெரிசு!

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்க. டயர்ல சாக்பீஸால ஒரு கோடு, அதுக்கு நேரா தரையிலயும் ஒரு கோடு. ஒருத்தர் வண்டி மேல உக்காந்திருக்க, நேரா ஒரு முழுச் சுத்து உருட்டி, கோடு திரும்பத் தரையைத் தொடுற இடத்தைக் குறிச்சு இஞ்ச் டேப் வெச்சு அளங்க. ஆள் உக்காராம அளந்தா டயர் அமுங்காது, அளவு கூடிக் காட்டும். காத்து சரியா இருக்கணும். பழைய வீல் மாத்தாத இதே வண்டி யாருகிட்டயாவது இருந்தா அதையும் இதே மாதிரி அளந்துடுங்க.

காரவள்ளி ரைடர்:
மச்சான் வண்டி மாத்தாம இருக்கு, அதையும் அளந்தேன். அவன் வண்டி 185 செ.மீ., என் வண்டி 189.

சங்கிலி:
அப்ப விஷயம் தெளிவாயிடுச்சு. டயராலயே வண்டி 2 சதவீதம் ‘நீட்டு’ ஆயிருக்கு. அதுக்கு மேல 14ஐ 15 ஆக்கினது 7 சதவீதம். ரெண்டும் சேர்ந்து 9க்கு மேல. எஞ்சின் ஒரு சுத்து சுத்தினா வண்டி முன்னைவிட அவ்வளவு தூரம் கூடப் போகணும், இழுவை அந்த அளவுக்குக் குறையும். 100 சிசி எஞ்சினுக்கு, அதுவும் 70 கொண்டை ஊசி ஏறுற வண்டிக்கு, இது பெரிய சுமை. எஞ்சின் மேல தப்பில்ல.

ஏத்தத்தைவிட எனக்குக் கவலை இறக்கம்தான். அதே ரெண்டாவது கியர்ல இறங்கினாலும் எஞ்சின் முன்ன மாதிரி பிடிக்காது, பிரேக்கை அதிகமா மிதிப்பீங்க. லோடோட தொடர்ந்து மிதிச்சா டிரம் சூடேறி பிடிமானம் குறைஞ்சுடும். சரிபண்ற வரைக்கும் முதல் கியர்லயே இறங்குங்க.

மலைப்பாதை:
முன்னாடி 13 போட்டுடுங்க அண்ணே, செலவு கம்மி. நானும் அப்படித்தான் ஓட்டுறேன்.

சங்கிலி:
தம்பி சொல்றது இழுவைக்கு உதவும், மறுக்கல. ஆனா பல் குறையக் குறைய செயின் ரொம்ப வளைஞ்சு சுத்தும். செயினும் பல்லும் சீக்கிரம் தேயும். வாராவாரம் லோடு இழுக்குற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

இந்த வண்டியில 42ஐ 14ஆல வகுத்தா 3. அதனால முன்னாடி ஒரு பல் குறைக்கிறதும் பின்னாடி மூணு பல் கூட்டுறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முன்னாடி பழைய 14க்கே வாங்க. பழைய இழுவையே வேணும்னா: 42ஐ 189ஆல பெருக்கி 185ஆல வகுங்க, 42.9 வரும். 43 பல் போட்டா கம்பெனியில இருந்து வந்தப்ப இருந்த இழுவை அப்படியே கிடைக்கும். உங்க வேலைக்கு நான் 44 போடுவேன். சமதரையில நாலாவது கியர்ல எஞ்சின் கொஞ்சம் கூடச் சுத்தும், அவ்வளவுதான்.

வாங்கும்போது பழைய பின் ஸ்பிராக்கெட்டைக் கையோட கொண்டு போங்க. அலாய் வீல் வேற வண்டியோடதுன்னா போல்ட் துளை மாறும். செயினும் ரெண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே செட்டா மாத்துங்க, நீண்டு போன செயின் புதுப் பல்லைத் தின்னுடும். ரெண்டு பல் கூடினா ஆக்சில் 6 மி.மீ. போல முன்னாடி நகரும். அப்ப அந்த அகல டயர் மட்கார்டுலயோ செயின்லயோ உரசுதான்னு கையால சுத்திப் பாருங்க. செயின் லாக் கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்க்கணும்.

காரவள்ளி ரைடர்:
ரொம்ப நன்றிங்க. 14-44 போட்டாச்சு. செம்மேடு வரைக்கும் மூட்டையோட போனேன், பழைய வளைவெல்லாம் ரெண்டாவதுலயே ஏறுது, வாடை இல்ல. செயின் பக்கம் டயருக்கு ஒரு விரல் இடைவெளி இருக்கு. ஸ்பீடோமீட்டர் இனி தப்பாக் காட்டுமா?

சங்கிலி:
காட்டாது. உங்க வண்டியில மீட்டர் கேபிள் முன் சக்கரத்துல இருந்து வருது. அதை 17க்கு மாத்துற நாள்ல திரும்ப டேப் எடுங்க. புதுச் செயின் முதல்ல கொஞ்சம் தளரும், அடுத்த சந்தைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி தொய்வைப் பாருங்க. ரெண்டு மூணு செ.மீ. ஆடினா போதும்.