சம்பளக் கணக்கு: வங்கியா, பில்டிங் சொசைட்டியா?

ஹரோவூரான்:
லண்டனில் அடுத்த மாதம் வேலை தொடங்குகிறேன். சம்பளம் வர, வாடகை, கவுன்சில் டாக்ஸ், கரண்ட் பில் போக ஒரு கணக்கு வேண்டும். சேமிப்பை வாங்கி வீட்டுக் கடன் கொடுக்கும் பில்டிங் சொசைட்டி நல்லது, அது அங்கத்தவர்களுக்கே சொந்தம் என்று சிலர் சொல்கிறார்கள். வங்கி செய்வதெல்லாம் அதுவும் செய்யுமா? காசுக்குப் பாதுகாப்பு எப்படி? மாதாமாதம் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்ப வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, பில்டிங் சொசைட்டி எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நேஷன்வைட் என்ற சொசைட்டியில் டெபிட் கார்ட், டைரக்ட் டெபிட் (பில் காசை நிறுவனமே உங்கள் கணக்கிலிருந்து எடுப்பது), ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி) எல்லாம் உள்ள முழுக் கணக்கு இருக்கிறது. சம்பளத்துக்கு அது வங்கிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கம்பர்லாந்து சொசைட்டியும் தன் பகுதியில் அப்படி ஒன்று தருகிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை சேமிப்பும் வீட்டுக் கடனும்தான்.

சேமிப்புக் கணக்கைச் சம்பளத்துக்குப் பாவிக்கப் போனால் இடறுவது இங்கேதான். சிறிய சொசைட்டிகள் பலவற்றில் உங்கள் பெயருக்கென்று தனிக் கணக்கிலக்கம் இராது. எல்லாருக்கும் பொதுவான ஒரு சோர்ட் கோட் (வங்கியையும் கிளையையும் காட்டும் இலக்கம்), ஒரு கணக்கிலக்கம். காசு யாருடையது என்று காட்டுவது ரெஃபரன்ஸில் போடும் ரோல் நம்பர் (சொசைட்டி உங்களுக்குத் தரும் அடையாள இலக்கம்) மட்டுமே. அதில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் காசு உங்கள் கணக்கில் விழாமல் நிற்கும், அல்லது அனுப்பியவருக்கே திரும்பும். டைரக்ட் டெபிட்டும் அங்கிருந்து போகாது. காசு எடுப்பதென்றால், முன்பே பதிந்து வைத்த உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் அனேகமாக விடுவார்கள். ஆகவே திறக்குமுன் மூன்று கேள்வி: தனிக் கணக்கிலக்கம் உண்டா, டைரக்ட் டெபிட் போகுமா, டெபிட் கார்ட் உண்டா? ஒன்றுக்கு இல்லையென்றாலும் அதைச் சேமிப்புக்கு வையுங்கள்.

தேம்ஸ்கரை:
பாதுகாப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். நிறுவனம் விழுந்தால் எஃப்எஸ்சிஎஸ் என்ற வைப்புப் பாதுகாப்புத் திட்டம் ஒருவருக்கு 120,000 பவுண் வரை தரும். 2025 டிசம்பர் 1க்கு முன் அது 85,000. இந்த எல்லை பெயர்ப்பலகைக்கு இல்லை, வங்கித் தொழில் செய்யும் அனுமதிப் பத்திரத்துக்கு. எச்எஸ்பிசியும் ஃபர்ஸ்ட் டைரக்டும் ஒரே பத்திரம், இரண்டிலும் போட்டாலும் ஒரே 120,000தான். யோர்க்‌ஷயர், செல்சி பில்டிங் சொசைட்டிகளும் அப்படியே.

வித்தியாசம் காசு எங்கிருந்து வருகிறது என்பதில். சொசைட்டி திரட்டும் நிதியில் குறைந்தது பாதி அங்கத்தவர் சேமிப்பாக இருக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். நோர்தன் ரொக் 1997இல் சொசைட்டியாக இருந்து வங்கியாக மாறி, சந்தையில் வாங்கிய கடனை நம்பி வளர்ந்தது. 2007இல் அந்தக் கடன் வற்ற, சேமித்தவர்கள் கிளை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

ஹரோவூரான்:
நன்றி அண்ணைமார். முதலில் ஏதாவது ஒரு வங்கியில் திறந்துவிட்டு, பிறகு நேஷன்வைட்டுக்கு மாறினால் சிக்கல் வருமா?

கணக்குப்பிள்ளை:
வராது. கரண்ட் அக்கவுண்ட் ஸ்விச் சேவையில் 7 வேலைநாளில் முடியும். புதிய இடத்தில் விண்ணப்பித்தால் போதும். டைரக்ட் டெபிட்டும் ஸ்டாண்டிங் ஓர்டரும் (நீங்களே குறித்து வைக்கும் தொடர் கொடுப்பனவு) தானாக மாறும். பழைய இலக்கத்துக்கு வரும் சம்பளமும் 3 வருடத்துக்குத் திருப்பிவிடப்படும். மாறாதது கார்ட் இலக்கத்தில் மாதாமாதம் பிடிக்கும் சந்தாக்கள். ஜிம், தொலைபேசி என்று கார்டில் போவதை நீங்களே ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான். பழைய கணக்கு மூடப்படுமுன் ஸ்டேட்மென்ட்களை இறக்கி வையுங்கள், வாடகைக்கும் விசாவுக்கும் கேட்பார்கள்.

இன்னொன்று: கூட்டுக் கணக்கை இந்தச் சேவையில் தனிக் கணக்காக மாற்ற முடியாது.

தேம்ஸ்கரை:
யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதை முழுக் கணக்கிலிருந்து செய்யுங்கள். கட்டணத்தை மட்டும் பார்க்க வேண்டாம். ‘கட்டணம் இல்லை’ என்பவர்கள் ரூபாய் விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள். 300 பவுண் கொடுத்தால் அம்மா கையில் எத்தனை ரூபாய் சேரும் என்று ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.