புதுப்பிப்பு: டீலர் கடனா, பேங்க் கடனா?

புது வண்டி வாங்க, கும்பகோணத்து டீலர் சொன்ன 7 சதவீதக் கடனை எடுப்பதா, பேங்கில் 9.5 சதவீதத்துக்குப் போவதா, ஆடியிலேயே வாங்கலாமா என்று ஆனியில் இங்கே கேட்டிருந்தேன். பேங்க் கடன்தான் எடுத்தோம்.

டீலரின் 7 சதவீதம் ஃப்ளாட் வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி போடுவார்கள். 5 லட்சத்துக்கு 5 வருஷம் என்றால் வட்டி மட்டும் 1,75,000, மாதத் தவணை 11,250. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில் இது ஏறக்குறைய 12.5 சதவீதம்! பேங்கில் அதே தொகைக்குத் தவணை சுமார் 10,500. மொத்தத்தில் 45,000 ரூபாய் மிச்சம். "சார், எங்ககிட்ட பர்சென்ட் கம்மிதானே?" என்று விற்பனைப் பையன் திரும்பத் திரும்பச் சொன்னார். சதவீதத்தை விடுங்கள், கடைசி வரை மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்களைப் போல விவசாயக் குடும்பத்துக்கு இன்னொன்று முக்கியம். பேங்க் கடன் ஃப்ளோட்டிங் வட்டி, அதாவது நடுவில் ஏறி இறங்கக்கூடிய வட்டி. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் இப்படிப்பட்ட கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தை, மாசியில் சம்பா நெல் பணம் வந்ததும் அசலில் ஒரு பகுதியைக் கட்டிவிடலாம்.

ஆடித் தள்ளுபடியில் புக் செய்து, ஆவணியில் நல்ல நாள் பார்த்து வண்டியை எடுத்தோம். அம்மாவுக்கும் திருப்தி. அப்புறம், இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியில் விசாரித்து வந்த விலையைக் காட்டியதும் அவர்களே குறைத்தார்கள்.

டிசம்பர் வரை பொறுக்கச் சொன்னவர்களுக்கு: தள்ளுபடி கூடலாம்தான். ஆனால் ஜனவரி பிறந்ததும் வண்டிக்கு ஒரு வயசு கூடிவிடும். விற்கும்போது தயாரித்த வருஷத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.