கிரகண நாளில் அறிவியல் ஆசிரியரின் வீடு

கேள்வி:
திண்டுக்கல் அருகே ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். 26 டிசம்பர் 2019 அன்று காலை ஒன்பதரை மணியளவில் எங்கள் ஊரில் கங்கண (வளைய வடிவ) சூரிய கிரகணம் தெரிந்தபோது, மாணவர்களுக்குச் சூரியக் கண்ணாடி கொடுத்து வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். வீட்டிலோ அம்மா தயிர்ப் பானையில் தர்ப்பை போட்டுவிட்டு, கிரகணம் விட்டதும் நான் தலைமுழுகிய பிறகே சாப்பிட வேண்டும் என்று காத்திருந்தார். கோயிலுக்குப் போகும் வழக்கமுள்ள நான் மறுபேச்சின்றிக் குளித்தேன். இது இரட்டை வேடமா?

பதில் 1:
குளிப்பதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால், கிரகணத்தின்போது மட்டுமே உலக்கை தாம்பாளத்தில் நிற்கும் என்று மாணவர் சொன்னால், மறுநாளும் அதே உலக்கையை நிறுத்திக் காட்டுங்கள். அடிப்பாகம் தட்டையாக இருந்து, எடை மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அந்த அடிப்பாகத்துக்குள் விழுந்தால் அது என்றும் நிற்கும்.

பதில் 2:
எல்லா வழக்கமும் தீங்கற்றதன்று, ஐயா. கர்ப்பிணிகளை இருட்டறையில் பட்டினி போடுவதை ஆசிரியர் வெளிப்படையாக மறுத்தே ஆக வேண்டும்.

பதில் 3:
அதை ஏற்கிறேன். எனினும் மரபு என்றாலே அறிவுக்குப் பகை என்று ஒதுக்கிவிட முடியாது. 1825-இல் புதுச்சேரிப் பகுதியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகண நேரத்தைக் கணித்ததைக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சோழிக் கணக்கை அம்மாவிடமும் சொல்கிறேன். கர்ப்பிணிகள் பற்றியதைப் பெற்றோர் கூட்டத்தில் பேசுவேன்.