தோட்டத்தை வெட்டிவிட்டால் என் காதல் கவிதையில் என்ன மிச்சம்?

பந்தலூர் மழை கேட்டது:

வணக்கம். ஒரு முடிவுக்கு வர முடியாமல் இங்கே கேட்கிறேன்.

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தற்காலிகத் தொழிலாளி. கூடலூரில் பி.ஏ. தமிழ் முடித்தேன், வேலை அமையவில்லை, அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போனேன். கவிதை எழுதுகிறேன். ஒரு பெண்ணை நேசிக்கிறேன். அவள் கூடலூரில் தையல் கடையில் இருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியும். "உன் கூட்டாளி சாப்பிட்டாளா" என்று கேட்பதோடு சரி, அதற்கு மேல் பேச்சு வராது.

பெண்களை நேசிக்கும் பெண்களின் கவிதைகளைத் தொகுக்கிற ஒரு நகரத்துப் பதிப்பாளர் கேட்டதால் சிலவற்றை அனுப்பினேன். அதில் ஒன்று:

*இலையில் ஈரம் என்று*
*இரண்டு கிலோ கழித்தார்கள்.*
*உன் தலைமுடியின் ஈரத்தை*
*யாரும் எடை போடவில்லை.*
*அதை மட்டும் முழுசாக*
*வீட்டுக்குக் கொண்டுபோனேன்.*

முதல் இரண்டு வரியை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவான காதல் கவிதையாகிவிடும் என்று பதில் வந்தது. இதையே மே தினக் கூட்டத்தில் வாசிக்கலாமா என்று தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் கேட்டிருந்தேன். முதல் இரண்டு வரி பிரமாதம், மற்றது வேண்டாம், குடும்பங்கள் வரும் இடம் என்றார்கள்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழையில் நனைந்த கொழுந்து கனக்கும் என்பதால் எடையில் கழிப்பார்கள். எவ்வளவு ஈரம் என்பது எடை போடுகிறவர் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான். முதுகில் மூட்டையைச் சுமந்து ஏறி வந்தவளிடம் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அவள் லீவு போட்டு எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, குடையும் இல்லாமல், எடை போடும் ஷெட் ஓரத்தில் நின்றிருந்தாள். கழித்துவிட்டார்களே என்ற ஆத்திரமும் வந்துவிட்டாளே என்ற சந்தோஷமும் எனக்கு ஒன்றாகத்தான் வந்தன. எந்தப் பாதியை வெட்டுவது?

இது கவிதையோடு நிற்கிற விஷயமும் இல்லை. இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எழுதினார்களே, அதில் எங்கள் பாட்டியும் ஒரு ஆள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்தார். இன்றைக்கும் எங்களைச் சிலோன்காரங்க என்றுதான் சொல்வார்கள். மூன்று தலைமுறையில் ஒரு சென்ட் நிலம் சொந்தமாக இல்லை. தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு அம்மா பெயரில் இருக்கிறது, அம்மா அடுத்த வருஷம் ரிட்டயர். எனக்கு நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். கல்யாணம் பண்ணிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போ என்பது ஊரார் காட்டுகிற வழி. கூடலூரில் வாடகை வீடு பார்க்கப் போனோம். "நீங்க என்ன ஆளுங்க, வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு எஸ்.சி. என்று சொல்லிவிட்டால் இரண்டாவதற்குப் பதில் சொல்லவே தேவைப்படுவதில்லை. கூலி, சாதி, காதல் என்று அடுத்தவர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். எனக்கு மூன்றும் அந்த வீட்டு வாசலிலேயே வந்து முட்டுகின்றன.

வெட்டிக் கொடுக்கலாமா? கொடுத்தால் சொந்தப் பெயரில் போடலாமா?

---

மயிலை வாசகி:

தோழி, ஒரு வரியைக்கூட வெட்டாதீர்கள். நானும் உங்களைப் போலத்தான், ஆனால் வாடகை கொடுக்கச் சம்பளம் இருந்தது. சென்னையில் 2009-இலிருந்து நடக்கிற, பால்புதுமையினரின் வானவில் பேரணியில் பல வருஷம் நடந்திருக்கிறேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் கிளம்புவார்கள், அதற்கப்புறம் நடக்கும் கூட்டத்தில் மற்றவர்கள் பேசி முடிவெடுப்பார்கள். பெண்களை நேசித்த கறுப்பினக் கவிஞர் ஆட்ரே லார்ட் இளம் வயதில் மின்னணுத் தொழிற்சாலையில் கூலிக்கு இருந்தவர். கலைகளிலேயே செலவு குறைந்தது கவிதை, இரண்டு ஷிப்டுக்கு நடுவில் கிடைத்த தாளில் எழுதிவிடலாம், உரைநடைக்குத்தான் தனி அறையும் நேரமும் வேண்டும் என்று 1980-இல் ஓர் உரையில் சொன்னார். எடையில் கழிக்கிற கணக்கு பொதுவானது இல்லை என்று யார் முடிவு செய்தது?

---

கல்லட்டி:

எனக்கு வேறு அபிப்பிராயம். முதலில் புத்தகத்துக்குள் இடம் பிடியுங்கள், முழுக் கவிதையை உங்கள் சொந்தத் தொகுப்பில் போட்டுக்கொள்ளலாம். பெயர் மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம். லைனில் ஒரு சுவர்தான் நடுவில். அம்மாவின் கிராஜுவிட்டி கைக்கு வரட்டும்.

---

குன்னூர் பழைய சங்கத்துக்காரன்:

மகளே, மேடை தராதது தப்பு. முப்பது வருஷம் தோட்டச் சங்கத்தில் இருந்தவனாகச் சொல்கிறேன். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் வீடும் வைத்தியமும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் இருந்தன. குடும்பம் என்றால் யார் என்றும் எழுதியிருந்தது: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நம்மை அண்டியிருக்கும் பெற்றோர், விதவைச் சகோதரி. பெற்றோரையும் விதவைச் சகோதரியையும் பெண் தொழிலாளிக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியது 2010 திருத்தம். அந்தப் பட்டியலை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. உன் கூட்டாளிக்கு அதில் இடம் கேட்பது சங்கத்தின் வேலை. கவிதையைச் செயற்குழுவில் வாசி. முதலில் உன் நிரந்தர வேலைக்கு மனு எழுதிக் கொடு, அம்மா ரிட்டயர் ஆகும்வரை காத்திருக்காதே.

---

வழக்கு மேசை:

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்று சுருக்கமாக. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு 2018-இல் போனது, நீங்கள் குற்றவாளிகள் இல்லை. 2023-இல் திருமண உரிமையை உச்ச நீதிமன்றம் தரவில்லை. ஆனால் 2025 மே மாதம், வீட்டார் பிடித்து வைத்த ஒரு பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்ட சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் உண்டாகத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று தீர்ப்பில் எழுதியது. 2024-இலேயே கூட்டு வங்கிக் கணக்குக்கும், துணையை நாமினியாகப் போடுவதற்கும் தடையில்லை என்று மத்திய நிதித் துறை தெளிவாக்கிவிட்டது. ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம் என்று மத்திய உணவுத் துறையும் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கவுண்டரில் இழுத்தடிப்பார்கள், எதையும் எழுத்தில் கேளுங்கள்.

---

பந்தலூர் மழை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அவளும் நானும் உட்கார்ந்து படித்தோம். கவிதையை முழுசாகத்தான் அனுப்பப் போகிறேன், அந்த இரண்டு வரி இல்லாமல் வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன். அவர்கள் போடாவிட்டால் போகட்டும். கல்லட்டி சொன்னதில் பெயர் விஷயத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன், அம்மாவின் பணம் வருகிறவரை புனைபெயர். ஐயா, மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், குடும்பப் பட்டியலைப் பற்றித் தனியாகவும் ஒரு தாள் கொடுக்கிறேன். விதவைத் தங்கச்சிக்கு இடமிருக்கிற சட்டத்தில் இவளுக்கு ஏன் இல்லை என்று அதிலேயே கேட்கிறேன்.

வழக்கு மேசைக்கு ஒரு கேள்வி. அவள் பெயர் இன்னும் அண்ணன் ரேஷன் கார்டில் இருக்கிறது. நீக்க அவர் கையெழுத்து போட வேண்டுமா, அவளே மனு கொடுத்தால் போதுமா? அண்ணன் போட மாட்டார்.