சொல் தேவை: தண்ணீர் ஏறுமுன் தோண்டியெடுக்கும் வேலைக்கு

உவர்மலையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்கான பாடத்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அணை கட்டினால் ஓரிடம் மூழ்கிவிடும் என்று தெரிந்ததும், நீர் தேங்குவதற்குள் அங்கே கிடக்கும் பழைய எச்சங்களைத் தோண்டி, அளந்து, படம்பிடித்து, முடிந்ததைப் பெயர்த்து எடுக்கிறார்களே, அந்த வேலைக்குத் தமிழில் என்ன சொல்? ஆங்கிலத்தில் ரெஸ்கியூ என்கிறார்கள், சால்வேஜ் என்கிறார்கள். எகிப்தின் அபு சிம்பெல், ஆந்திராவின் நாகார்ஜுனகொண்டா, நம் இலங்கையின் சமனலவெவ மூன்றும் பாடத்தில் வருகின்றன. இப்போதைக்கு ‘மீட்புத் தொல்லியல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

தம்பலகாமத்திலிருந்து:

ரீச்சர், முதலில் ‘தொல்லியல்’. அது தமிழ்நாட்டு வழக்கு. இங்கே பிள்ளைகள் தொல்பொருள், தொல்பொருளியல் என்றுதான் கேட்டு வளர்கிறார்கள். அடுத்தது ‘மீட்பு’. எங்கள் ஊரில் மீட்பது என்றால் அடகு வைத்த நகையைத்தான். தேவாலயத்துக்குப் போகிற பிள்ளைக்கு அது வேறொன்று. சால்வேஜ் என்பதோ துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கு மூழ்கிய கப்பலில் சாமான் எடுப்பது. மூன்றையும் தள்ளிவிட்டு வேறு யோசிப்போம்.

சென்னையிலிருந்து:

‘உய்ப்பகழ்வு’ என்பது என் பரிந்துரை. உய்தல் தப்பிப் பிழைத்தல். உய்த்தல் கொண்டு செலுத்துதல். ஒரே வேரில் இரண்டு பொருளும் கிடைக்கின்றன: பிழைக்க வைப்பதும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போவதும். ‘எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்’ என்ற குறள் எல்லோருக்கும் தெரியும். ‘உய்’யிலிருந்தே ‘உயிர்’ பிறந்தது என்பது என் நெடுநாள் கருத்து. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து:

தனி மடலே நல்லது ஐயா. உய்ப்பகழ்வு என்று கரும்பலகையில் எழுதினால் பின்வாங்கில் இருப்பவன் ‘உப்பகழ்வு’ என்று வாசித்து, உப்புவெளியில் நடக்கிற வேலை என்று நினைப்பான். ‘அவசர அகழாய்வு’ என்று எழுதுங்கள் ரீச்சர். விளங்கும்.

தம்பலகாமத்திலிருந்து:

‘அவசரம்’ வடசொல் என்று சென்னை ஐயா இப்போது எழுதுவார், எழுதட்டும். எனக்கு வேறு குறள் நினைவுக்கு வருகிறது. ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்.’ எரிமுன் போல ‘நீர்முன்’. நீர்முன் அகழாய்வு. சின்னது, இலக்கணமும் சரி.

கிண்ணியாவிலிருந்து:

திருகோணமலையில் இருந்துகொண்டு ‘நீர்முன்’ என்றால் கடலுக்கு முன்னால் என்றுதான் எவரும் எடுப்பார். மேலும் இந்த வேலை அணைக்கு மட்டும் நடப்பதில்லை. நெடுஞ்சாலை போட்டாலும் இறங்குதுறை கட்டினாலும் நடக்கும். அப்போது தார்முன் என்பீர்களா?

மூதூரிலிருந்து:

சொல்லை விடுங்கள், வேலையைப் பாருங்கள். ரீச்சர் சொன்ன மூன்று உதாரணங்களிலும் நடந்தது ஒன்றல்ல.

அபு சிம்பெலில் 1964 முதல் 1968 வரை கோயிலையே ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, ஏறக்குறைய 65 மீட்டர் உயரத்தில், 200 மீட்டர் பின்னால் தள்ளி மறுபடி பொருத்தினார்கள். நாகார்ஜுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை பள்ளத்தாக்கைத் தோண்டி, சில கட்டடங்களை நீருக்கு மேலே தெரியும் குன்றுக்கும் அனுப்பு என்ற கரைக்கும் மாற்றினார்கள். இவற்றை மீட்பு என்பதில் எனக்குச் சங்கடமில்லை.

சமனலவெவ அப்படியல்ல. அங்கே கிடைத்தவை மேற்குப் பார்த்த சரிவுகளில் மண்ணால் கட்டிய இரும்பு உருக்கு உலைகள். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றையே உள்ளே வாங்கி எரிந்தவை. ஒவ்வொரு முறை உருக்கியதும் முன்சுவரை உடைத்து இரும்பை எடுப்பார்கள், அடுத்த முறைக்குப் புதிதாகக் கட்டுவார்கள். அதனால் பெரும்பாலும் எஞ்சியது பின்சுவர், ஊதுகுழல் துண்டுகள், கழிவுக் கட்டிகள். இதைக் கோயில் மாதிரி அறுத்துத் தூக்க முடியுமா? அளவு, வரைபடம், மாதிரி, அவ்வளவுதான் எடுக்கலாம். அந்த அளவை வைத்துப் பின்னால் ஓர் உலை கட்டி, பருவக்காற்றில் உருக்கியும் பார்த்தார்கள். 1996இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. நீர்த்தேக்கம் அதற்கு முன்பே நிரம்பிவிட்டது. மீண்டது தகவல். இடம் மீளவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், எல்லாம் தப்பிவிட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

சென்னையிலிருந்து:

மூதூர் நண்பர் சொல்வது சரி. ஆனாலும் ‘மீட்பு’ நகைக்கும் தேவாலயத்துக்கும் மட்டும் உரியதல்ல. கவர்ந்து போன ஆநிரையைத் திருப்பிக் கொண்டுவருவது கரந்தை. செங்கம் பக்கத்து நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வரும். மாட்டை மீட்டான், தான் செத்தான். எல்லாம் தப்புவதில்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உய்ப்பகழ்வைக் கைவிடவில்லை, ஆனால் பாடத்தாளுக்கு மீட்பு போதும்.

தம்பலகாமத்திலிருந்து:

கரந்தையைத் தொல்காப்பியர், ஆநிரை கவரும் வெட்சித் திணைக்குள்ளேயே அடக்கினார், தனித் திணை ஆக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். சரி, அது கிடக்கட்டும். நம் திருகோணமலையைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை? கோணேசர் கோயில் கல் கோட்டைச் சுவருக்குப் போனது. 1950இல் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் வந்தன. 1956இல் சுவாமிமலைக் கடலடியில் தூண்களைப் பார்த்தார்கள். இவையெல்லாம் எதில் சேரும்?

மூதூரிலிருந்து:

கிணற்றில் வந்தது தற்செயலாகக் கிடைத்தது. கடலடியில் பார்த்தது தேடல். கோட்டைக்குப் போனதை மீட்பு என்று யாரும் சொல்லப்போவதில்லை. அழியப்போகிறது என்று நாள் தெரிந்து, அதற்குள் முடிக்க வேண்டிய வேலை மட்டுமே நாம் பேசுவது. கோட்டை வாசலில் இருக்கிற குளக்கோட்டன் கல்வெட்டுக்கு இந்த இழையில் போக வேண்டாம், ரீச்சருக்கு வெள்ளிக்கிழமை.

உவர்மலையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் ‘மீட்புத் தொல்பொருளியல்’ என்றே விடுகிறேன். அபு சிம்பெல் பத்தியில் ‘பெயர்த்து நிறுவுதல்’, சமனலவெவ பத்தியில் ‘மூழ்குமுன் பதிவு’. களத்தில் நடப்பதைச் சொல்லும் இடங்களில் கிண்ணியாக்காரரின் ‘அவசர அகழாய்வு’. நாளைக்குள் கடும் எதிர்ப்பு வராவிட்டால் அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன்.

தம்பலகாமத்திலிருந்து:

கடும் எதிர்ப்பு இல்லை. மென்மையான எதிர்ப்பு உண்டு. ‘மூழ்குமுன்’ போகுமென்றால் ‘நீர்முன்’ ஏன் போகாது?

சென்னையிலிருந்து:

‘அகழ்வு’, ‘அகழாய்வு’ இரண்டில் எது என்பதையும் முடிவு செய்துவிடலாமே. அகழ்வு தோண்டுவது மட்டும்.

கிண்ணியாவிலிருந்து:

ரீச்சர், அனுப்பிவிடுங்கள்.