மறுமொழி: ‘பிம்’முக்குத் தமிழில் ‘கட்டுரு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

கட்டடத்தைக் கணினிக்குள் அதன் தகவல்களோடு சேர்த்து உருவாக்கும் ‘பிம்’ (BIM, Building Information Modeling) முறைக்குத் தமிழில் என்ன சொல் என்று மூன்று நாளாக நீங்கள் எழுதும் எல்லா மடல்களையும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சென்னை நண்பர் தந்த ‘கட்டடத் தகவல் மாதிரியாக்கம்’ பிழையான சொல் இல்லை. ஆங்கிலத்தில் மூன்று சொல், தமிழிலும் மூன்று சொல், கணக்குச் சரி. ஆனால் சைற்றிலிருந்து மேற்பார்வையாளர் போனில் கத்தும்போது, “பொறுங்கோ, கட்டடத் தகவல் மாதிரியாக்கத்தில பாத்துச் சொல்லுறன்” என்று எங்கள் கந்தோரில் ஒருவரும் சொல்லப்போவதில்லை. “பிம்மில பாக்கிறன்” என்பார்கள். இரண்டு எழுத்துச் சொல்லோடு 16 எழுத்துச் சொல் ஓடி வெல்ல ஏலாது.

‘மாதிரி’யும் எனக்கு ஒத்துவரவில்லை. கொழும்பில் ஒருவரை மறித்து “என்ன மாதிரி?” என்றால் சுகம் விசாரிக்கிறோம் என்று அர்த்தம். ‘மாதிரி வீடு’ விற்பனைக்குக் காட்டுகிற வீடு. ‘வீடு மாதிரி’ என்றால் அது வீடே இல்லை.

சொல்லைத் தேடமுன் பொருளைப் பார்ப்போமா? ஒரு சுவரை எடுங்கள். படம் வரையும் மென்பொருளான ஓட்டோகாட்டில் சுவர் என்பது இரண்டு சமாந்தரக் கோடு. அது சுவர் என்று பார்க்கிற மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. 1982இல் வந்தபோது அந்த மென்பொருள் படவரைஞரின் பலகையைத் திரைக்குள் கொண்டுபோனது, அவ்வளவுதான். பெரிய வேலைதான், ஆனால் வேலை வரைவதே. முப்பரிமாண வடிவம் செய்யும் ஸ்கெச்அப்பில் ஒரு பரப்பைப் பிடித்து இழுத்தால் சுவர் எழும்பும், பார்க்க வடிவாகவும் இருக்கும். சீவிப் பார்த்தால் உள்ளே வெறுமை. பிம் மென்பொருள்களான ரெவிற்றிலும் ஆர்க்கிகாட்டிலும் சுவர் தன்னைச் சுவர் என்று அறியும். உள்ளே சீமெந்துக் கல், இரு பக்கமும் பூச்சு, இவ்வளவு உயரம், இந்த மாடியில் நிற்கிறேன், எனக்குள் இரண்டு யன்னல் இருக்கிறது என்றெல்லாம் அதற்குத் தெரியும். கிடைப்படமும் வெட்டுமுகமும் முகப்புத் தோற்றமும் தனித்தனியாக வரைந்தவை அல்ல. ஒரே பொருளை வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்ப்பவை.

இதன் அருமை எனக்கு அடிபட்டுத்தான் விளங்கியது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் எட்டு மாடித் தொடர்மாடி. அப்போது நாங்கள் முழுக்க ஓட்டோகாட். வீட்டுக்காரரின் விருப்பப்படி படுக்கையறை யன்னலை 1200 மில்லிமீற்றரிலிருந்து 1500க்கு மாற்றினோம். நான் கிடைப்படத்தில் மாற்றினேன், முகப்பிலும் மாற்றினேன், யன்னல் அட்டவணையை மறந்துவிட்டேன். அலுமினியக்காரர் அட்டவணையைத்தானே பார்ப்பார். மாடிக்கு மூன்று வீதம் 24 யன்னல், எல்லாம் 1200இல் வந்து இறங்கின. கீழே வாகனத் தரிப்பிடத்தில் அவை சாத்திவைக்கப்பட்டிருந்த கோலம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ரெவிற்றில் அந்த அளவை ஓரிடத்தில் மாற்றியிருந்தால் 24உம் மாறி, அட்டவணையும் தானாக மாறியிருக்கும்.

ஆக, நமக்கு வேண்டிய சொல் இந்த வித்தியாசத்தைக் காட்டவேண்டும். ‘தகவல்’ என்ற சொல் உள்ளே வந்தே தீரவேண்டும் என்று அண்ணை ஒருவர் பிடிவாதமாக எழுதியிருந்தார். அவருக்கு ஒரு பழைய கதை. புடாபெஸ்ட்டில் இருக்கிற கிராபிசொவ்ற் நிறுவனம் ஆர்க்கிகாட்டை 1980களிலேயே விற்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் அதை ‘மெய்நிகர் கட்டடம்’ என்று பொருள்படும் பெயரால்தான் அழைத்தார்கள். ரெவிற் 2000இல் வந்தது. 2002இல் ஓட்டோகாட்டின் நிறுவனமான ஓட்டோடெஸ்க் அதை வாங்கியது. ‘பிம்’ என்ற பெயர் எல்லார் வாயிலும் விழுந்தது அதற்குப் பிறகுதான். பிள்ளை பிறந்து பதினைந்து வருடம் கழித்து வைத்த பெயர் அது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவேண்டிய கடமை நமக்கில்லை.

என் முன்மொழிவு ‘கட்டுரு’. கட்டு, உரு. கட்டப்போவதன் உரு, கட்டி முடித்ததுபோல் உள்ளே எல்லாம் வைத்திருக்கிற உரு. கட்டுருக் கோப்பு, கட்டுருவாளர், “கட்டுருவில பாருங்கோ” எல்லாம் வாயில் நிற்கின்றன. ஓட்டோகாட் செய்வதை வரைவு என்போம், ஸ்கெச்அப் செய்வதை வடிவுரு என்போம், மற்ற இரண்டும் செய்வது கட்டுரு. கட்டடமா கட்டிடமா என்ற நூற்றாண்டுச் சண்டையிலிருந்தும் தப்பிவிடலாம். இரண்டு கட்சிக்கும் ‘கட்டு’ பொது.

யாழ்ப்பாணத்துத் தங்கச்சி ‘முன்கட்டு’ என்று எழுதியதை முதலில் விரும்பினேன். கட்டமுன் கட்டிப் பார்ப்பது, அழகான கற்பனை. ஆனால் பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்று வீட்டின் பகுதிகளுக்கே பெயர் இருக்கிறது. கட்டடக் கலைஞருக்கு அந்தக் குழப்பம் கூடாது. ‘கட்டுரு’ என்றால் ‘கட்டுரை’ போல் கேட்கிறதே என்ற ஆட்சேபம் நியாயம். பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ‘பமிலி’. ரெவிற்காரரின் சொல். ஒரு யன்னலை ஒருமுறை செய்துவைத்து, அதிலிருந்து பல அளவுகளில் எடுத்துப் போடுவது. ‘குடும்பம்’ என்று பெயர்த்து ‘யன்னல் குடும்பம்’ என்று சொல்லிப் பார்த்தேன், பக்கத்து மேசைத் தம்பி தேநீரைத் துப்பிவிட்டார். ‘இனம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த நாட்டில் அந்தச் சொல்லைக் கந்தோரில் சத்தமாகச் சொல்லமுன் ஒருமுறை யோசிப்போம். ‘அச்சு’ நல்ல சொல், ஆனால் எக்ஸ் அச்சும் வை அச்சும் ஏற்கெனவே படத்தில் நிற்கின்றன, படத்தை அச்சிடவும் வேண்டும்.

எனக்கு ‘வகையறா’ பிடித்திருக்கிறது. யன்னல் வகையறா, கதவு வகையறா. சொந்தபந்தத்தையும் சரக்கு வகையையும் ஒரே மூச்சில் சொல்கிற சொல். இன்னொரு காரணமும் உண்டு. ஆர்க்கிகாட்டில் இந்தப் படிமுறையே வேறு. நூலகத்திலிருந்து எடுத்து வைத்த ஒவ்வொரு யன்னலும் தன் அளவைத் தானே வைத்திருக்கும். 24ஐயும் மாற்றவேண்டுமென்றால் 24ஐயும் தெரிவுசெய்துதான் மாற்றவேண்டும். ரெவிற்றின் சொல்லை அப்படியே பெயர்த்தால் ஆர்க்கிகாட்காரர் வாசலில் நிற்கவேண்டி வரும். வகையறா கொஞ்சம் தளர்வான சொல், இருவரும் உள்ளே வரலாம்.

ரெவிற்றா ஆர்க்கிகாட்டா, எது நல்லது என்று கேட்டிருந்தவருக்கு: மக் கணினி வைத்திருந்தால் கேள்வியே இல்லை, ரெவிற் விண்டோஸில்தான் ஓடும். தனியாளாக வீடுகள் வரைபவருக்கு ஆர்க்கிகாட் கைக்கு இதமாக இருக்கும். கட்டமைப்பு எந்திரியும் மின்சாரக்காரரும் ரெவிற்றில் இருந்தால் நீங்களும் அங்கே போகத்தான் நேரிடும். ஒன்று மட்டும் கவனம், ரெவிற் கோப்பைப் பழைய பதிப்புக்குத் திருப்பிச் சேமிக்க முடியாது. ஒருவர் புதியதற்கு மாறினால் எல்லாரும் மாறவேண்டும். சந்தாவோ வருடாவருடம். 2022இல் டொலர் சில வாரங்களில் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது, புதுப்பித்தல் மடலைத் திறக்கவே பயமாக இருந்தது.

குழாய் வளையை (பீமை) ஊடுருவி ஓடுவதைக் கட்டுரு கண்டுபிடித்துக் காட்டுமே, அதற்கும் சொல் கேட்டிருந்தீர்கள். சைற்றில் மேசன்மார் ஏற்கெனவே “முட்டுது” என்கிறார்கள். ‘முட்டல்’ என்று வைத்துவிடலாம்.

வகையறாவுக்கு ஆட்சேபம் உள்ளவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். திங்கள் முதல் எங்கள் படங்களின் தலைப்புக் கட்டத்தில் ‘கட்டுருக் கோப்பு’ என்று போட்டுப் பார்க்கப்போகிறேன்.